ஆ / பெ

மார்ச் 4

அன்புள்ள வாலு,

இல்லை, உன் மேல் கோபம் இல்லை. நீ ஒன்பது முறை அழைத்தாய். எடுத்தால் நான் பேச வேண்டும். பேசினால் என் குரல் என் காதிலேயே விழும். அவ்வளவுதான் காரணம். கடிதத்தில் எல்லோருக்கும் ஒரே குரல்.

உன் அண்ணனை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அறை வசதிதான். மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல். எதிர் வீட்டுக்காரர் தினமும் காலை ஏழு மணிக்குப் பால்கனியில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். நானும் அதே நேரத்தில் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். அவர் ஷூவை, நான் முகவாயை. இரண்டு பேருக்கும் பத்து நிமிடம்.

வேலையில் தொலைபேசிப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். ஒன்பது வருடம் இருந்த நாற்காலி. குரல் மாறிய பிறகு, “வணக்கம், சொல்லுங்க” என்றால், “சார், என் பாலிசி விஷயமா” என்று ஆரம்பிப்பார்கள். முதல் வாரம் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் மேஜைக்கு வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நீங்க மெயில் பக்கம் போயிடுங்களேன், கஸ்டமர் குழம்பறாங்க” என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். போனேன்.

ஏன் வந்துவிட்டேன் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். உன் அண்ணன் ஒரு நாள் ரேஸர் இரண்டு வாங்கி வந்தார். “எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் இருந்திருப்பேன்.

இப்போது விஷயம். ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போகிறேன். இதுவரை போன டாக்டர்கள் எல்லோரும் எடை எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். இந்த அம்மா, “எவ்வளவு வேகமா வந்துச்சு?” என்று கேட்டார். ஆரம்பித்து ஒரு வருடத்துக்குள் எல்லாமே என்றேன். மாதவிலக்கு நின்றது, முகத்தில் முடி, நெற்றியில் வழுக்கை, குரல். பேனாவைக் கீழே வைத்தார். “நீர்க்கட்டின்னா சின்ன வயசுலயே ஆரம்பிச்சு நிதானமா வரும். முப்பத்துமூணு வயசுல திடீர்னு குரல் உடையாது. பழைய பேப்பர் எல்லாம் கொண்டாங்க.”

கொண்டுபோனேன். போன வருடம் பிப்ரவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் ஐந்தேகால். பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருந்தது. பழைய டாக்டர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கரு தங்க மாத்திரை எழுதினார். இந்த அம்மா எண்ணைப் படித்தார். பெண்ணுக்கு அரையைத் தாண்டக் கூடாதாம். மூன்றிலிருந்து பத்து வரை என்பது ஆணின் அளவு. அப்புறம் தாளின் தலைப்பைக் காட்டினார். பாலினம்: ஆ.

நான் அதை முன்பே பார்த்திருந்தேன். ரத்தம் எடுத்தவள் என் முகத்தைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். போய்த் திருத்தச் சொல்ல வெட்கம்.

அந்தப் பரிசோதனை நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் செய்தது. நீ அறிய வேண்டாம் என்று மார்க்கெட் பக்கக் கிளையில் ரத்தம் கொடுத்தேன். பள்ளியில் கூடப் படித்த ஒருத்தியின் பெயரை எழுதினேன். ஆணுக்கும் வைக்கிற பெயர், பெண்ணுக்கும் வைக்கிற பெயர். அலுவலகக் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். படிவ எண் 2217. அதை எடுத்துப் பார்த்துச் சொல்வாயா? டாக்டர் கேட்கிறார்.

உன் அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, “காதல் கடிதமா?” என்றார். “அண்ணி கடிதம்” என்றேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

நீங்கள் செய்தது அநியாயம். என்னிடம் சொல்லாமல் என் கூடத்துக்கே ரத்தம் அனுப்பியிருக்கிறீர்கள். நான் என்ன ஊரெல்லாம் தண்டோரா போடுகிறவளா? (போட்டிருப்பேன். அண்ணனிடம் மட்டும்.) பெண் பார்க்க வந்த நாளில் உங்களைப் பிடித்துப்போனது எனக்குத்தான் முதலில். அண்ணனுக்கு அடுத்த நாள்தான் பிடித்தது, அதுவும் நான் சொல்லி. அந்த உரிமையில் கேட்கிறேன், ஏன் சொல்லவில்லை?

இங்கே எல்லாம் வழக்கம்போல். புது இயந்திரம் வந்திருக்கிறது, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. கொஞ்சம் சூடானால் முறுக்கிக்கொள்கிறது. எங்கள் கூடத் தலைவரும் அப்படியே. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை.

அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று போய் ஒரு மாதமாயிற்று, அப்படியே போட்டுக்கொண்டு போகிறார். இதை உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

பழைய படிவங்கள் மாடியில் பெட்டியில் கிடக்கும். தேடிப் பார்க்கிறேன். ‘ஆ’ என்பது கவுன்ட்டர் பையன் வேலையாக இருக்கும், அவனுக்குக் கண் எப்போதும் கைபேசியில். நீங்கள் ஒன்றும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எப்போதும் உங்கள்
வாலு


மார்ச் 27

அன்புள்ள வாலு,

பதில் உடனே போடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அறைக்குமாக இருந்தேன்.

மறுபடி பரிசோதித்தார்கள். வேறு முறையில், இன்னும் துல்லியமாக. ஆறு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒன்று உண்டாமே, அது செய்யும் சரக்கையும் அளந்தார்கள். அது சரியாக இருந்தது. அப்படியானால் சினைப்பையில் தேட வேண்டும் என்றார் டாக்டர். சாதாரண ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பெரிய ஸ்கேனில் அந்தத் தொப்பிச் சுரப்பியிலேயே ஒரு சிறு கட்டி தெரிந்தது. பயிற்சி டாக்டருக்கு மகிழ்ச்சி. “கிடைச்சிருச்சு மேடம்.”

“கண்ணுல பட்டவன் எல்லாம் திருடனா?” என்றார் அந்த அம்மா. “அந்தச் சுரப்பியில சும்மாவே பல பேருக்குக் கட்டி இருக்கும். இதை நம்பி அங்க கத்தி வெச்சா, நிஜமானது உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.”

அதனால் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டார்கள். இரண்டு சுரப்பிகள், இரண்டு சினைப்பைகள். ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் ரத்த நாளத்தில் கொஞ்சம் ரத்தம். நான் விழித்திருந்தேன். மேலே விளக்கு. காலடியில் ஒரு செவிலி ஒவ்வொரு சோதனைக் குழாயாக வாங்கி, ஒட்டுத்தாளில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தாள். என் பெயர், சொந்தப் பெயர். வயது. பெண். இடது. மறுபடி என் பெயர், பெண், வலது. நான்கு முறை சொன்னாள். ஒன்றரை வருடத்தில் என்னை யாரும் அத்தனை முறை அப்படிச் சொன்னதில்லை.

இடது சினைப்பையிலிருந்து எடுத்த ரத்தத்தில்தான் அந்த ஹார்மோன் ஏறியிருந்தது. மற்ற மூன்றும் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது. மறுபடி அந்தப் பெரிய ஸ்கேன் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு தெரிந்தது. திராட்சை அளவு. ஏப்ரல் பத்தாம் தேதி அறுவை.

படிவம் கிடைத்ததா?

இன்னொன்று. ‘பெ’ என்று வந்த ரத்தத்தில் ஐந்தேகால் வந்தால் உங்கள் கூடத்தில் என்ன செய்வீர்கள்? டாக்டர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

படிவம் கிடைத்தது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. எழுத வரவில்லை.

படிவத்தில் பாலினத்துக்கு நேரே ‘ஆ / பெ’ என்று அச்சிட்டிருக்கும், ஒன்றை வட்டமிட வேண்டும். நீங்கள் ‘பெ’யை வட்டமிட்டிருக்கிறீர்கள். அந்த வட்டத்தை நீல மையால் அடித்து, ‘ஆ’வைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டிருக்கிறது. பக்கத்தில் சுருக்கொப்பம். என்னுடையது.

கேட்டீர்களே, என்ன செய்வோம் என்று. முதலில் இன்னொரு முறை இயந்திரத்தில் வைப்போம். மறுபடி அதே எண் வந்தால், எண்ணை நம்புவோம், வட்டத்தைச் சந்தேகப்படுவோம். ஒரு பெண்ணுக்கு அப்படி வரவே வராது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு ‘வட்டப் பிழை’ என்று பெயரே வைத்திருக்கிறோம். திருத்துவதற்கு முன் அழைத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அழைத்தேன்.

ஒரு ஆண் குரல் எடுத்தது.

“லேப்ல இருந்து பேசறேன் சார். வயசு முப்பத்துமூணுதானே?”

“ஆமா.”

“சரி சார். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிக்கலாம்.”

அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் கேட்பதில்லை, அவமானமாக நினைப்பார்கள். போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரியிடம், “சாருக்கு ரேடியோ குரல்” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

அது நீங்கள்தானா அண்ணி? ஆறு வருடமாக உங்களோடு பேசுகிறேன். சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்தே விழவிட்டது நீங்களா அண்ணனா என்று சொல்வேனே.

ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ‘வாலு, நான்தான்’ என்று.

பெட்டியில் தேடும்போது மற்றவையும் கண்ணில் பட்டன. இரண்டு வருடத்தில் இதே மாதிரி ‘பெ’யை ‘ஆ’வாக மாற்றியது பதினொன்று, உங்களுடையதைச் சேர்க்காமல். ஏழு என் கையெழுத்து. பெரும்பாலும் உண்மையிலேயே ஆண்களாகத்தான் இருப்பார்கள். கவுன்ட்டரில் நிஜமாகவே தப்பு நடக்கிறது.

உங்கள் டாக்டரிடம், ‘எண் சரி, பாலினம் தவறாகப் பதிந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லுங்கள். யார் பதிந்தது என்று வேண்டாம். இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அறுவை நாளில் விடுப்புப் போட்டு வருகிறேன். வர வேண்டாம் என்றால் எழுதுங்கள்.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள வாலு,

வர வேண்டாம் என்று எழுத நேரமில்லை. நீயும் வரவில்லை. சரியாகப் போயிற்று.

இடது சினைப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டி பரவும் ஜாதி இல்லையாம். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். அரைக்கும் கீழே. டாக்டர் தாளை என் கையிலேயே கொடுத்தார். எண்ணைப் பார்த்தேன், அப்புறம் தலைப்பைப் பார்த்தேன். அந்த வரிசை இனி மாறாது என்று நினைக்கிறேன்.

முகத்து முடி குறையும், மெதுவாக. மாதவிலக்கு திரும்பும். குரல் திரும்பாது. தொண்டையில் உள்ள நாண் ஒருமுறை தடித்தால் தடித்ததுதான். “முன்னாடியே வந்திருந்தா?” என்று கேட்டேன். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “போன வருஷம் பிப்ரவரியில உங்க குரல் எப்படி இருந்துச்சு?” என்று திருப்பிக் கேட்டார். ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருந்தது என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், நான்தான். ‘லேப்ல இருந்து’ என்றதுமே நீ என்று தெரிந்துவிட்டது. முதலில், கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்தேன். நீ ‘சார்’ என்றாய், கண்டுபிடிக்கவில்லை. ஒரு நொடி நிம்மதி. பிறகு, இவளுக்குக்கூடத் தெரியவில்லையே என்று தோன்றிற்று. அந்த ‘ஆமா’வை எந்த நொடியில் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். அது என் பங்கு, வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதிய பெயர் பொய், போட்ட வட்டம் உண்மை. பொய்யை அப்படியே விட்டுவிட்டு உண்மையை அடித்திருக்கிறாய். அது உன் பங்கு.

அதற்காக உன்னை ஒன்றும் செய்யப்போவதில்லை. ரேஸருக்கே ஒன்றும் செய்யாதவள் நான். எனக்குத் தூக்கம் வராதது அந்தப் பதினொன்றால்தான். எவளோ ஒருத்தி ‘இயல்பு’ என்ற தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எடையைக் குறைக்க நடந்துகொண்டிருப்பாள். ஒருத்திகூட இல்லாமலும் இருக்கலாம். அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடும், பதினொரு அழைப்பு.

தலைவரிடம் போய்ச் சொல். பெட்டியைக் காட்டு. நான் கேட்பது இது ஒன்றுதான். அவர் உன்னைத் திட்டுவார், திட்டட்டும். மே பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட்டாய் என்று எனக்கு ஒரு வரி போடு.

உன் அண்ணி


மே 6

அண்ணிக்கு,

நலம்தானே. உங்களுக்குச் சரியாகிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “அப்ப வரச் சொல்லு” என்றார். “டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லு.” அவர் அப்படித்தான். உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னதைச் செய்ய முயன்றேன். நம்புங்கள். இரண்டு முறை தலைவர் அறை வாசல் வரைக்கும் போனேன். முதல் முறை அவர் போனில் இருந்தார். இரண்டாம் முறை சும்மாதான் இருந்தார். “என்ன?” என்றார். “இயந்திரம் மறுபடி மக்கர் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு எளிதாகத் தெரிகிறது அண்ணி. பெட்டியைக் காட்டினால் ஏழு சுருக்கொப்பம் என்னுடையது. மற்ற நாலு பேர் ‘எங்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்’ என்பார்கள். அது உண்மையும்கூட. பதினோரு வருட வேலை. வேறு என்ன தெரியும் எனக்கு? யாரோ பெயர் தெரியாத ஒருத்திக்காக, அவள் இருக்கிறாளா என்றே தெரியாதபோது, நான் என் கழுத்தை நீட்ட வேண்டுமா?

அண்ணன் சொன்னதையும் எழுதுகிறேன். “அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு?” அது சரி என்று சொல்லவில்லை. ஆனால் சில சமயம் எனக்கும் அப்படித் தோன்றுகிறது.

நீங்கள் அன்றைக்குச் சரியான பெயரை எழுதியிருந்தால் இது எதுவுமே இல்லை. நானே உங்களைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். என்னை நம்பாமல் ஒளிந்துகொண்டது நீங்கள். இப்போது மாட்டிக்கொள்வது நானா?

புதிதாக வருகிறவற்றில் இனி வட்டத்தை மாற்ற மாட்டேன். ஒவ்வொருவரையும் கேட்பேன். சத்தியம். பழையது பழையதாகவே இருக்கட்டும்.

ஏப்ரலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டீர்கள்தானே? இல்லையென்றால் எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வாலு


மே 15

வாலு,

கிழிக்கவில்லை.

பத்தாம் தேதி வரை காத்திருந்தேன். பிறகும் ஐந்து நாள் காத்திருந்தேன், தபால் தாமதமாகலாம் என்று. உன் கடிதத்தை அதற்கு முன்பே படித்துவிட்டேன். இருந்தாலும் இன்னொன்று வரும் என்று நினைத்தேன்.

‘பெயர் தெரியாத ஒருத்தி’ என்று எழுதியிருக்கிறாய். அன்று நானும் உனக்கு அப்படித்தான் இருந்தேன். பெயர் தெரிந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாய். தெரியாவிட்டால் வட்டத்தை அடிப்பாய். நீ கெட்டவள் இல்லை. அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

உன் அண்ணனுக்கு சர்ட்டிபிகேட் கிடையாது என்று சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் கூடத்துக்கு வந்தேன். வணக்கம் சொன்னேன். தலைவர் தலை நிமிராமல், “சொல்லுங்க சார்” என்றார். நிமிர்ந்த பிறகு, “மன்னிக்கணும்” என்று எழுந்து நின்றார். உன் ஏப்ரல் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மாடியிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். உன்னைக் கூப்பிடவா என்று கேட்டார். நான் போன பிறகு கூப்பிடுங்கள் என்றேன்.

என் முன்னாலேயே இரண்டு எண்களை அழைத்தார். முதல் எண்ணை எடுத்தவர் ஆண். மூன்று குழந்தைகளாம், சிரித்தார். இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. அந்தப் படிவத்தில் வயது ஐம்பத்திரண்டு, டெஸ்டோஸ்டிரோன் எட்டுக்கு மேல். ரத்தம் எடுத்த கிளைக்கு ஆள் அனுப்பி விலாசம் தேடுவதாகச் சொன்னார். மற்ற ஒன்பதை மதியத்துக்குள் முடிப்பதாகவும் சொன்னார். உன் கடிதத்தின் நகலில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, எனக்குக் கொடுத்தார்.

இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் உன்னிடம் பேசியிருப்பார்கள். வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் தபால் அவ்வளவு வேகம் இல்லை.

வெளியே வரும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். குனிந்து, வரிசையாக வைத்திருந்த குழாய்களில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். கண்ணாடியைத் தட்டினால் நிமிர்ந்திருப்பாய். தட்டவில்லை. வாசலில் பஸ் ஏறி வேலைக்குப் போனேன்.